செவியும் செலவும்: ஊக்க உரை என்னும் வடிவம் பற்றிய ஒரு நோக்கு

தொழில் நிறுவனமொன்று தன் ஊழியர் முன்னே பேசுவதற்குப் பேச்சாளர் ஒருவரைத் தெரிவு செய்வது எவ்வாறு என்னும் வினா இலக்கியத் திறனாய்வுக்கு உரியதன்று எனக் கருதுவோர் உளர். முகாமைத்துவம் கற்பிப்போர் எழுத வேண்டியதை நாம் ஏன் எழுதுகின்றோம் என அவர்கள் கேட்கக்கூடும். எனவே அவ்வினா நம்மிடம் வந்த வகையை முதலிற் கூறிவிடுதல் நன்று.

நம்மிடம் தமிழ் பயின்று வெளியேறி, இன்று கொழும்பிலுள்ள தனியார் நிறுவனமொன்றின் ஊழியர் நலப் பிரிவிற் கடமையாற்றும் ஒருவர் அண்மையிற் கடிதமொன்று எழுதியிருந்தார். ஆண்டிறுதி ஒன்றுகூடலில் ஊழியருக்கு ஊக்கமூட்டும் உரையொன்று இடம்பெறல் வேண்டும் என மேலிடம் பணித்திருக்கின்றது; கதை சொல்லத் தெரிந்த, முக்கால் மணி நேரம் சபையைக் கட்டிவைக்கவல்ல ஒருவரை நாம் பரிந்துரைக்க முடியுமா என்பது அவரது கோரிக்கை. கடிதத்தின் இறுதியில், பின்னர் நினைவு வந்து சேர்த்தவைபோல் இரண்டு வரிகள் இருந்தன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் தமது நிறுவனத்தில் இரண்டு பிரிவுகள் மூடப்பட்டன என்பது ஒன்று. சம்பளம் பற்றிய பேச்சு உரையில் வரலாகாது என்பது மற்றொன்று. பேசுபவர் எவரென அறியுமுன்னரே பேச்சின் பொருள் தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்பதை அவ்விரு வரிகளும் நமக்கு உணர்த்தின. பொருளும், அதனைக் கேட்போரும், அதற்குப் பணம் தருவோரும் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட ஒரு வாய்மொழி வடிவம், இலக்கிய மாணவன் ஆராயத்தக்க வடிவமேயாகும்.

புரவலர், புலவர், கேட்போர் என்னும் மூவகை உறவை நோக்காது எந்த வாய்மொழி இலக்கியத்தையும் விளங்கிக்கொள்ள இயலாது என்பதைத் தமிழ் ஆய்வுலகம் நன்கறியும். பேராசிரியர் க. கைலாசபதியின் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல் 1968இல் வெளிவந்த காலந்தொட்டு, பாணரையும் அவரைப் புரந்தோரையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் நோக்கு நமக்குப் பழக்கமானது. அந்நோக்கினை இன்றைய நிறுவனக் கூட்டத்தின் மீது செலுத்துவதே இக்கட்டுரையின் முயற்சி.

முதலில் வடிவத்தின் இயல்பை நோக்குவோம். ஊக்க உரையின் கதைகளில் நாயகன் பெரும்பாலும் தனியன். அவன் வறியவனாகவோ தோல்வியுற்றவனாகவோ தொடங்குகின்றான். ஒரு சொல்லோ ஒரு சந்திப்போ அவன் கண்ணைத் திறக்கின்றது. அதன்பின் அவன் வெல்கின்றான். அவனுக்கு அயலவர் உண்டு. ஆயின் சக தொழிலாளர் இலர். பஞ்சமும் வேலையின்மையும் இக்கதைகளில் மழையும் வெயிலும் போல் வந்து போகின்றன. அவற்றுக்குக் காரணர் எவருமிலர். கதை முடிந்ததும் உரை முன்னிலைக்குத் திரும்புகின்றது. இவ்விடத்திலே மொழி நிகழ்த்தும் நுட்பமொன்று கவனிக்கற்பாலது. தமிழில் ‘நீங்கள்’ என்பது ஒருவரை மதித்தும் சுட்டும், பலரையும் சுட்டும். முந்நூறு பேர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் ஊக்க உரைஞர் வழங்கும் ‘நீங்கள்’, பன்மை வடிவில் நிற்கும் ஒருமையே. முந்நூறு பேரும் தனித்தனியே விளிக்கப்படுகின்றனர். ஒருவர் தம் அயலில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை எழுவதில்லை. நிறுவனத் தலைவரின் வரவேற்புரையில் இதற்கு மறுதலையான நுட்பம் தொழிற்படுகின்றது. ‘நாம்’ என்பது கேட்போரையும் உளப்படுத்தும். ‘நாங்கள்’ என்பது அவரை விலக்கும். நட்டத்தைத் தாங்குவது பற்றிய வாக்கியங்களில் ‘நாம்’ வரும். பிரிவுகளை மூடத் தீர்மானித்தது பற்றிய வாக்கியங்களில் ‘நாங்கள்’ வரும். இலக்கண ஆசிரியர் பகுத்துக் காட்டிய இவ்வேறுபாடு எத்துணைப் பொருளாதார நுண்மை வாய்ந்தது என்பதை இத்தகைய கூட்டங்களிலேதான் நாம் உணர்ந்தோம்.

இவ்வடிவம் பிறந்தபோது இவ்வாறிருக்கவில்லை என்பதுதான் நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி. ஊக்க இலக்கியத்தின் மூலநூலாகக் கொள்ளப்படுவது சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய ‘சுய உதவி’. அது 1859இல், மார்க்ஸின் ‘அரசியற் பொருளாதார விமர்சனத்துக்கு ஒரு பங்களிப்பு’ வெளிவந்த அதே ஆண்டில் வெளியாயிற்று. அந்நூலின் முன்னுரையைப் படித்தோர் குறைவு போலும். இங்கிலாந்தின் வடபகுதி நகரொன்றிலே மிக எளிய நிலையிலுள்ள இளைஞர் இருவர் மூவர், குளிர்கால மாலைகளிற் கூடித் தமக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் கற்பிக்கத் தொடங்கினர். எண்ணிக்கை ஏறத்தாழ நூறாகப் பெருகவே, முன்னர் கொலரா நோயாளருக்கான தற்காலிக மருத்துவமனையாக இருந்து எவரும் வாடகைக்கு எடுக்க அஞ்சிய அறையொன்றினை மலிவாகப் பெற்றனர். பின்னர் தம்மிடையே வந்து பேசுமாறு ஸ்மைல்ஸை அழைத்தனர். அந்நகர் லீட்ஸ், காலம் 1845 அளவு. ஸ்மைல்ஸ் அப்போது மருத்துவர். தீவிர சீர்திருத்தத்தை ஆதரித்த ‘லீட்ஸ் ரைம்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியராகவும் இருந்தவர்.

கேட்போரே பேச்சாளரைத் தெரிவு செய்தனர் என்பது இங்கு தெளிவு. அறை அவர்களுடையது, வாடகை அவர்கள் கொடுத்தது, உரை முடிந்தபின் விவாதிப்பதும் அவர்களே. அந்தச் சபையில் ‘உன் கையே உனக்கு உதவி’ என்று கூறப்பட்டபோது அது, அரசும் திருச்சபையும் செல்வரும் கல்வி தர மறுத்த ஒரு வர்க்கத்தின் தன்மானக் குரலாகவே ஒலித்திருக்கும். பதினான்கு ஆண்டுகளின் பின் அதே கருத்து நூலாகி நடுத்தர வர்க்கத்தார் கைக்குச் சென்றபோது, வெளியிலிருந்து வரும் உதவி மனிதரைப் பலவீனப்படுத்தும் என்னும் போதனையாக அது நிலைபெற்றது. சொற்கள் பெரிதும் மாறவில்லை. அவற்றின் பின்னாலிருந்த உறவு மாறிவிட்டது. 1867இல் ‘மூலதனம்’ முதற்றொகுதியில் மார்க்ஸ், ஆதித் திரட்சி பற்றிய பூர்ஷ்வாக் கதையை எள்ளிநகையாடுகின்றார்: முன்னொரு காலத்திலே ஒருபுறம் உழைப்பும் சிக்கனமும் உடைய சிலரும், மறுபுறம் சோம்பேறிகளான பலரும் இருந்தனராம்; செல்வமும் வறுமையும் அவ்வாறே தோன்றினவாம். இறையியலில் ஆதிபாவம் வகிக்கும் இடத்தைப் பொருளியலில் அக்கதை வகிக்கின்றது என்பது அவர் கருத்து. ஊக்க உரையின் பின்னைய வரலாறு முழுவதும் அக்கதையின் மறுகூற்றே எனலாம். எனினும் லீட்ஸ் நகரின் கொலரா அறையை மறந்துவிட்டு அவ்வாறு கூறுவது அவசர முடிபாகும்.

அமெரிக்காவில் இவ்வடிவம் சந்தைப் பொருளானது. 1826இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் சிற்றூரொன்றில் ஜொசையா ஹோல்புரூக் தொடங்கிய ‘லைசியம்’ இயக்கம், ஊர்தோறும் மக்கள் கூடி விரிவுரை கேட்கும் வழக்கத்தை உருவாக்கிற்று. 1868இல் ஜேம்ஸ் ரெட்பாத் பொஸ்ரன் நகரிலே, பேச்சாளரையும் சபைகளையும் இணைத்துத் தரகு பெறும் பணியகமொன்றை நிறுவினார். இன்று பேச்சாளரின் ஒளிப்படமும் கட்டணமும் அடங்கிய விவரக்கொத்தினை நிறுவனங்களுக்கு அனுப்பும் முகவரகங்கள் யாவும் இதன் வழிவந்தவையே.

இம்மேடையில் ஒலித்த உரைகளுள் ஒன்று நமக்கு மிக முக்கியமானது. மேரிலன்ட் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பியோடி, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெரும் குரலாக விளங்கிய பிரெடரிக் டக்ளஸ், ‘தம்மைத் தாமே ஆக்கிக்கொண்ட மனிதர்’ என்னும் பொருளில் 1859 முதல் பல்லாண்டுகள் உரையாற்றி வந்தார். தலைப்பைக் கேட்டு வருபவர் எதிர்பார்ப்பது ஒன்று. டக்ளஸ் தருவது வேறொன்று. சரியாகச் சொன்னால் தம்மைத் தாமே ஆக்கிக்கொண்ட மனிதர் என எவரும் இலர் என அவர் தம் தலைப்பையே முதலில் மறுக்கின்றார். முன்னோரிடமிருந்தும் உடன்வாழ்வோரிடமிருந்தும் கடன் பெறாதவர் எவருமிலர் என்பது அவர் வாதம். அதன் பின்னரே உழைப்பைப் போற்றுகின்றார். தயக்கமின்றி, மிக உரத்தும் போற்றுகின்றார். ஆனால் அவ்விடத்தும் நிபந்தனையொன்றை விடாது வைக்கின்றார். ஆயிரம் ஆண்டு முன்னோட்டம் பெற்றவர்களோடு, எதுவுமின்றித் தொடங்குபவரை ஓடவிட்டுவிட்டு, அதனை நேர்மையான போட்டி என்று அழைக்க முடியாது. ஊக்கமும் உண்மையும் ஒரே உரையில் வாழமுடியுமா என ஐயுறுவோர்க்கு இவ்வுரையே சான்று. இதனைப் பேசியவர், உழைத்தும் உழைப்பின் பயன் மறுக்கப்பட்டவர் என்பதையும் மறத்தலாகாது.

டக்ளஸின் உரையை இன்று நிறுவனக் கூட்டங்களில் எவரும் எடுத்தாளக் காணோம். அங்கு செல்வாக்குப் பெற்றது பிலடெல்பியாவைச் சேர்ந்த பப்ரிஸ்ற் போதகர் ரஸல் கொன்வெலின் ‘வைர வயல்கள்’ என்னும் உரையாகும். கொன்வெல் (1843–1925) இதனை 6,000 தடவைகளுக்கு மேல் நிகழ்த்தினார். இதனால் வந்த பணத்தைப் பெரிதும் வறிய மாணவரின் கல்விக்கே செலவிட்டார். ரெம்பிள் பல்கலைக்கழகத்தின் நிறுவுநர் அவரே. மனிதரின் நேர்மையில் நமக்கு ஐயமில்லை. கதையைப் பார்ப்போம்.

சிந்து நதிக்கு அண்மையில் அலி ஹஃபெத் என்னும் வளமான விவசாயி வாழ்ந்தான். பௌத்த குரு ஒருவர் வைரங்களைப் பற்றி அவனுக்குக் கூறினார். அன்றிரவே அவன் மனத்தளவில் வறியவனாகிவிட்டான். நிலத்தை விற்றான், குடும்பத்தை அயலாரிடம் விட்டான், நாடு நாடாக அலைந்தான், ஈற்றில் ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனாக் கடலில் வீழ்ந்து மாண்டான். அவனது நிலத்தை வாங்கியவனோ, தோட்டத்து நீரோடையில் ஒட்டகத்துக்கு நீர் காட்டும்போது ஒளிவீசும் கல்லொன்றைக் கண்டான். அதுவே கோல்கொண்டா வைரச் சுரங்கமாம். தேடும் செல்வம் உன் காலடியிலேயே கிடக்கின்றது என்பது உரையின் செய்தி.

எடுத்துரைப்புத் திறனில் இக்கதைக்குக் குறை சொல்ல முடியாது. நாடோடிக் கதைகளில் வரும் புதையல் தேடுவோனின் கதையே இதுவும். ஆனால் கொன்வெல் பெயர் குறித்து இடம் குறித்துப் பேசுகின்றார். ஆதலின் நாமும் அவ்விடத்துக்குச் சென்று பார்த்தல் தகும். கோல்கொண்டாவின் வைரங்கள் சிந்து நதிக்கரையில் விளையவில்லை. அவை அங்கிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், தக்கணத்திலே, கிருஷ்ணா நதியை அண்டிய சுரங்கங்களில் எடுக்கப்பட்டவை. அச்சுரங்கங்களை 17ஆம் நூற்றாண்டில் நேரிற் கண்ட பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, கொல்லூரில் ஏறத்தாழ 60,000 பேர் வேலை செய்தனர் என எழுதியுள்ளார். ஆடவர் அகழ்ந்தனர், பெண்டிரும் சிறுவரும் மண் சுமந்தனர். ராவல்கொண்டாச் சுரங்கத்தில், தொழிலை நன்கறிந்த ஒருவனுக்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்த ஊதியம் 3 வராகன் மட்டுமே என்றும் அவர் குறித்துள்ளார். அவர்கள் கல்லை ஒளித்துவிடாதிருக்கக் காவலர் நின்றனர்.

அந்த 60,000 பேரும் தம் காலடியில் வைரம் கிடப்பதை அறியாதவர் அல்லர். நாள்தோறும் அதனைக் கையால் எடுத்தவர்களே அவர்கள். அவர்கள் வறியவராயிருந்தது வைரம் எங்கே இருக்கின்றது என்னும் அறிவு இன்மையாலன்று. அது யாருடையது என்னும் வினாவுக்கு அவர்கள் விருப்புக்கு மாறான விடை இருந்தமையால். கொன்வெலின் கதையிலிருந்து இம்மக்கள் அனைவரும் அகற்றப்பட்டு, அவர்தம் இடத்தில் ஓர் ஒட்டகம் நிறுத்தப்பட்டிருக்கின்றது. உழைப்பை நீக்கிவிட்டு உடைமையை மட்டும் எஞ்சவிடும் இச்செயலை, கருத்துநிலை எவ்வாறு கதையாக வடிவெடுக்கின்றது என்பதற்கு வகுப்பறையிற் காட்டத்தக்க எடுத்துக்காட்டாக நாம் கொள்கின்றோம்.

அதே உரையில், வறியவர் ஒவ்வொருவரும் தமது குறைபாட்டினாலோ பிறரது குறைபாட்டினாலோதான் வறியவராயினர் எனக் கொன்வெல் கூறுமிடம் ஒன்றுண்டு. ‘பிறரது’ என்ற சொல் வாய்தவறி வந்துவிட்டது போலும். அந்தப் பிறர் எவர் என அவர் விசாரித்திருப்பின் உரை வேறு திசையில் திரும்பியிருக்கும். அவர் விசாரிக்கவில்லை, செல்வம் ஈட்டுவது கடமை என்னும் பொருளுக்கு விரைந்து சென்றுவிடுகின்றார்.

கொன்வெலின் சபையினர் தாமே நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர். அடுத்த படி 1899இல் நிகழ்ந்தது. முன்னர் சவர்க்காரக் கம்பனியொன்றின் விற்பனைத் துறையிலிருந்த எல்பேர்ட் ஹபர்ட், தமது சஞ்சிகையில் ‘கார்சியாவுக்கு ஒரு செய்தி’ என்ற சிறு கட்டுரையை வெளியிட்டார். 1898ஆம் ஆண்டு ஸ்பானிய-அமெரிக்கப் போரின்போது, கியூபக் கிளர்ச்சித் தலைவர் கார்சியாவிடம் கடிதம் கொண்டுசெல்லுமாறு ரோவன் என்ற இராணுவ அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது என்கின்றார் ஹபர்ட். அவர் எங்கே இருக்கின்றார் என்றுகூடக் கேளாமல் ரோவன் சென்றார் என்பதே ஹபர்ட் போற்றும் சிறப்பு. இதற்கு மறுதலையாக அவர் காட்டுவது அலுவலக எழுதுவினைஞர் ஒருவரை. இத்தாலிய ஓவியர் கொரெஜ்ஜியோ பற்றிக் கலைக்களஞ்சியத்தைப் பார்த்துக் குறிப்பெழுதுக எனப் பணித்தால், அவர் யார், எந்தக் கலைக்களஞ்சியம், ஏன் வேண்டும் என அந்த எழுதுவினைஞர் வினவுவாராம். இதுவே ஹபர்ட்டின் ஆத்திரத்துக்குக் காரணம். (எந்தக் கலைக்களஞ்சியம் எனக் கேட்கும் மாணவன் நமக்குக் கிடைப்பின் நாம் மகிழ்வோம் என்பதை ஈண்டுக் குறித்துவைக்கலாம்.)

நியூயோர்க் சென்றல் புகையிரதக் கம்பனி இக்கட்டுரையை இலட்சக்கணக்கில் அச்சிட்டு வழங்கிற்று. பிற நிறுவனங்களும் அதனைப் பின்பற்றித் தம் ஊழியருக்கு வழங்கின. 1894இல் புல்மன் புகையிரத வேலைநிறுத்தம் மத்திய அரசின் படைகொண்டு அடக்கப்பட்டு ஐந்தாண்டுகளே கழிந்திருந்தன என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். வினாவுதல் குற்றமென உரைக்கும் பிரதியொன்றை, வினாவப்படுவோர் விலைகொடுத்து வாங்கி, வினாவுவோர்க்கு இலவசமாக வழங்கினர். லீட்ஸ் நகர் இளைஞரின் அறையிலிருந்து இவ்வடிவம் எத்துணைத் தூரம் வந்துவிட்டது!

இதன் பின்னைய வளர்ச்சியை விரித்துரைத்தல் வேண்டா. 1936இல் டேல் கார்னகி, 1952இல் நோர்மன் வின்சன்ற் பீல் எனப் பெயர்கள் பெருகின. அமெரிக்காவில் வாழ்ந்து தமிழகம் திரும்பிய எம். எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ போன்ற நூல்கள் வழியாக இம்மரபு தமிழ் வாசகரையும் அடைந்தது. ஆனால் 1990களில் நிகழ்ந்த ஒன்றை விடுத்துச் செல்ல முடியாது. 1994இல் ஏ.ரி. அன்ட் ரி. தொலைபேசி நிறுவனம், 15,000 பேரை வேலைநீக்கவுள்ளதாக அறிவித்த அதே நாளில் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள தன் ஊழியரை ஊக்க உரை நிகழ்ச்சியொன்றுக்கு அனுப்பியது என்பதை, பார்பரா எரன்ரைக் 2009இல் வெளிவந்த தமது நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். நான்காண்டுகளின் பின், 1998இல், ஸ்பென்சர் ஜோன்சனின் ‘என் பாற்கட்டியை நகர்த்தியவர் யார்?’ வெளிவந்தது. நிறுவனங்கள் அதனை மொத்தமாக வாங்கி ஊழியருக்கு வழங்கின. புதிர்வழியொன்றிலே இரண்டு எலிகளும் இரண்டு குட்டி மனிதரும் பாற்கட்டி உண்டு வாழ்கின்றனர், ஒருநாள் பாற்கட்டி இல்லாமற் போகின்றது, எலிகள் உடனே வேறிடம் தேடுகின்றன, மனிதர் புலம்புகின்றனர், ஒருவர் பின்னர் தெளிந்து புறப்படுகின்றார். தலைப்பு வினாவாகவே அமைந்திருந்தும் நூல் முழுவதிலும் அவ்வினாவுக்கு விடை இல்லை. விடையைத் தேடுபவன் நேரத்தை வீணாக்குபவன் என்பதே நூலின் போதம். எலியே முன்மாதிரி. ஹபர்ட்டின் எழுதுவினைஞர் கேட்ட வினாக்கள் ஒரு நூற்றாண்டின் பின் நூலின் அட்டைக்கு ஏறி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டுவிட்டன.

தமிழ் மரபில் இதற்கு ஒப்பானது எது என மாணவர் கேட்கின்றனர். அறிவுரை கூறுதல் நம்மிடம் துறையாகவே வகுக்கப்பட்டுள்ளது. செவியறிவுறூஉ, வாயுறை வாழ்த்து என்னும் பெயர்களைத் தொல்காப்பியம் அறியும். ஆயினும் புறநானூற்றுச் செவியறிவுறூஉப் பாடல்களை எடுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அறிவுறுத்தப்படுவது புரவலனின் செவி. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு, வரி கொள்ளும் முறை பற்றி, விளைநிலத்துட் புகுந்த யானையின் உவமையால் எடுத்துரைக்கின்றார். குடிகளை நோக்கி, இறை மிகுந்தபோது மனத்தைத் தளரவிடாதீர் என்று அவர் பாடவில்லை. வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனை நோக்கிப் பாடிய பாடலின் கொளுக் குறிப்பு, அவர் அப்பாடலாற் பழைய நிலவரிக் கடன் நீங்கப் பெற்றார் என்கின்றது. பாணரும் புலவரும் பரிசிலுக்காகப் பாடியவர் என்பதை நாம் மறக்கவில்லை. அவர்களைப் புரட்சியாளராக்க வேண்டிய தேவையுமில்லை. ஆனால் காசு தந்தவனின் செவியிலேயே அறிவுரை விழுந்தது என்னும் உண்மை நிற்கின்றது. இன்றைய ஊக்க உரையில் செலவு ஒருவருடையது, செவி மற்றொருவருடையது. அறிவுரைக்கு விலை கொடுப்பவர், தமக்கு அது தேவையில்லை என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றார்.

இவ்வளவும் எழுதியபின் நம் பக்கத்தையும் பாராதிருத்தல் நேர்மையன்று. 1935 ஓகஸ்ற் இறுதியில், டொன்பாஸ் பகுதிச் சுரங்கத் தொழிலாளி அலெக்சி ஸ்ரகானோவ் ஒரே வேலைமுறையில் 102 தொன் நிலக்கரி வெட்டினார் எனச் சோவியத் பத்திரிகைகள் பறைசாற்றின. நிர்ணயிக்கப்பட்ட அளவு 7 தொன். அவர் நாடெங்கும் மேடையேற்றப்பட்டார். அவரைப் பின்பற்றுமாறு தொழிலாளர் அழைக்கப்பட்டனர். அவர் வெட்டிச் செல்லச் செல்லப் பின்னால் நின்று மரத்தூண் நிறுத்தியவர் இருவர் உண்டு. அவர் பெயர்கள் சாதனையில் இடம்பெறவில்லை. அடுத்த ஆண்டே பல தொழில்களில் நிர்ணய அளவுகள் உயர்த்தப்பட்டன. கோல்கொண்டாவில் 60,000 பேர் மறைந்தனர். டொன்பாஸில் இருவர் மறைந்தனர் எனத் தொகையைக் காட்டி நாம் தப்பிக்க முடியாது. சோர்வறியாத நேர்க் கதாபாத்திரத்தைப் படைக்குமாறு எழுத்தாளரை வற்புறுத்திய நம் விமர்சன மரபும் இந்த உறவினின்று முற்றாக விலகியதன்று. தொழிற்சங்க மேடையிலும் ‘நீங்கள்’ தனித்த ‘நீங்கள்’ ஆகவும், ‘நாம்’ சிலரை விலக்கிய ‘நாம்’ ஆகவும் வழங்கிய தருணங்களை நாம் கேட்டிருக்கின்றோம். ஊக்கம் மக்களுக்கு வேண்டியதே. பகல் முழுவதும் நின்று வேலை செய்து மாலையில் மண்டபத்தில் அமரும் ஒருவர், தம்மால் முடியும் என்று ஒருவர் சொல்லக் கேட்டுக் கண்கலங்குவதை ஏளனம் செய்பவன் மார்க்சியவாதியல்லன். அந்தக் கண்ணீர் உண்மையானது. அதனை யார், எதற்காக, எந்த நாளில் வரவழைக்கின்றார் என்பதே வினா.

ஆகவே தெரிவு பற்றி நாம் கூறத்தக்கன சிலவே. பேச்சாளரின் நகைச்சுவை, குரல், கட்டணம் ஆகியவற்றை முகவரகங்களே அளந்து சொல்லிவிடும். அவருடைய கதைகளில் எத்தனை மனிதர் இருக்கின்றனர் என எண்ணிப் பார்த்தலே நாம் பரிந்துரைக்கும் அளவுகோல். நாயகனுக்குச் சக தொழிலாளர் உளரா, தூண் நிறுத்தியவர் பெயர் வருகின்றதா, மண் சுமந்த பெண்டிர் எங்கே என்று கேட்கலாம். அத்தொழிலை அறிந்தவராயின் மேலும் நன்று. இருபது ஆண்டு இயந்திரத்தருகே நின்ற மேற்பார்வையாளர் ஒருவர் விபத்தின்றி வேலை செய்த வகையைக் கூறின், அது எந்த வைரக்கதையிலும் மேலானது. கேட்கப்போகும் ஊழியருட் சிலரேனும் தெரிவுக் குழுவில் இருத்தல் வேண்டும். அவர்கள் கேட்பது ஊக்க உரையாகவே இல்லாதிருக்கலாம். ஊழியர் சேமலாப நிதி பற்றியோ கடன்சுமை பற்றியோ விளக்கவல்ல ஒருவரை அவர்கள் கேட்கக்கூடும். அதற்கும் இடமளித்தல் வேண்டும். வேலைநீக்க அறிவித்தலுக்கு அண்மித்த நாளில் உரையை வைத்தலாகாது. அவ்வாறு வைக்கப்பட்ட உரை எத்துணைச் சிறந்ததாயினும் அறிவித்தலின் ஒரு பகுதியாகவே கேட்கப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சுக்குப் பின் வினாவுக்கு நேரம் வேண்டும். ஹபர்ட் அஞ்சியது அதற்கே.

இவற்றைச் சுருக்கி நம் முன்னாள் மாணவருக்கு எழுதினோம். டக்ளஸின் உரைப் பிரதியொன்றையும் உடன் அனுப்பினோம். மூன்று கிழமைகளின் பின் பதில் வந்தது. தெரிவுக் குழுவில் ஊழியரைச் சேர்க்க மேலிடம் இணங்கவில்லையாம். சம்பளம் பற்றிய நிபந்தனையும் நீக்கப்படவில்லை. மூடப்பட்ட பிரிவுகளில் இருந்தவர்களையும் ஒன்றுகூடலுக்கு அழைக்கலாமா என்று களஞ்சியத்தில் வேலைசெய்யும் பெண்ணொருவர் கேட்டாராம். அது பற்றி இன்னும் பேசப்படுகின்றதாம். வினாவுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கின்றார்கள். பேச்சாளர் இன்னும் தெரிவு செய்யப்படவில்லை.